‘விடுமுறை அறிவிக்கப்ப…’

அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான பயிற்சியாக இருந்தாலும் சரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் சான்றிதழ் வகுப்பாக இருந்தாலும் சரி, மின்னஞ்சல் என்று வந்துவிட்டால் ஒரு பாடம் தவறாது. தலைப்பு வரி அனுப்புபவரின் கையில் இருக்கிறதாம். 50 எழுத்துக்குள் அடக்குங்கள், ஒரு எமோஜி சேருங்கள், முன்னோட்டக் கருவியில் போட்டுப் பாருங்கள். அங்கே தெரிகிறபடியே பெறுபவரின் திரையிலும் தெரியும். தெரியவில்லையா? எழுதியவருக்குத் தொழில் தெரியவில்லை என்று அர்த்தம்.

இதை மறுக்காமல் விட்டுவிட்டுத்தான் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறோம். தலைப்பில் என்ன சொற்கள் இருக்க வேண்டும் என்பது அனுப்புபவர் எடுக்கும் முடிவு. அதில் தகராறு கிடையாது. அந்தச் சொற்கள் எப்படித் தெரியும், எவ்வளவு தெரியும், தெரியத்தான் செய்யுமா என்பது அவர் முடிவில் இல்லை, என்றைக்கும் இருந்ததில்லை. அப்படி இல்லாமல் இருப்பதுதான் நியாயம் என்றும் சொல்வேன்.

இது இன்றைய செல்போன் செயலிகள் செய்யும் அட்டூழியம் என்று நினைப்பவர்கள் 1973-க்குப் போய் வர வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பரில் அபய் பூஷண், கென் போக்ரன், ரே டாம்லின்சன், ஜிம் வைட் ஆகிய நால்வர், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் புழங்கிய கடிதங்களுக்குப் பொதுவான ஒரு தலைப்பகுதியை வகுத்து ஆர்எஃப்சி 561 என்ற ஆவணத்தை வெளியிட்டார்கள். (பூஷண் கான்பூர் ஐஐடியின் முதல் அணி மாணவர், நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயரை ஏனோ காணோம்.) யார் அனுப்பியது, எந்தத் தேதி, என்ன பொருள் என்று வெறும் எழுத்துகளால் ஆன வரிகள். 2008-இல் வந்த ஆர்எஃப்சி 5322-உம் அந்த மனப்பாங்கிலிருந்து நகரவில்லை. ஒரு கடிதத்துக்குக் கட்டாயமானவை தேதியும் அனுப்புநரும் மட்டும். தலைப்பு வரி இருந்தால் இருக்கலாம், இல்லாவிட்டாலும் கடிதம் போகும். ஒரு வரி 78 குறிகளுக்குள் இருப்பது நல்லது, 998-ஐத் தாண்டக் கூடாது, நீண்டால் மடித்து எழுதலாம் என்பதுதான் அதில் உள்ள கெடுபிடி. எழுத்துரு, நிறம், அளவு, தடிப்பு எதற்கும் அங்கே இடமில்லை. கடிதத்தின் உடலில் எச்டிஎம்எல் கொண்டு எவ்வளவு அலங்காரமும் செய்யலாம். தலைப்பில் முடியாது. படிக்காத கடிதத்தின் தலைப்பு தடித்துத் தெரிகிறதே என்றால், அந்தத் தடிப்பைப் போட்டது பெறுபவரின் செயலி.

50 எழுத்து விதிக்கு வருவோம். எந்த 50? பருவமழைக் காலத்தில் ஒரு பள்ளி பெற்றோருக்கு இப்படித் தலைப்பிட்டு ஒரு கடிதம் அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள்: ‘மழை காரணமாக நாளை பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்படவில்லை’. தமிழாசிரியர் எண்ணினால், இடைவெளிகளையும் சேர்த்து 36. விதிக்குள் வசதியாக அடங்குகிறது. கணினி அப்படி எண்ணாது. யூனிகோடில் ‘கா’ என்றால் ககரம் ஒன்று, துணைக்கால் ஒன்று. ‘க்’ என்றால் ககரம் ஒன்று, புள்ளி ஒன்று. அந்தக் கணக்கில் இதே வரி 57. பைட்டுகளை எண்ணும் நிரலுக்கோ 161, ஏனென்றால் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள். ஒரே வரிக்கு மூன்று நீளம். மூன்றும் சரியான கணக்கு. யூனிகோடுக் குறிகளை எண்ணி ஐம்பதில் நறுக்கும் ஒரு செயலியிடம் இந்த வரி சிக்கினால் பெற்றோர் காண்பது இது: ‘மழை காரணமாக நாளை பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்ப…’

மறுநாள் வகுப்பறையில் யார் இருப்பார்கள்?

பல செயலிகள் எண்ணிப் பார்த்து நறுக்குவதுகூட இல்லை. திரையில் எவ்வளவு அகலம் மிச்சம் என்று அளந்து நறுக்குகின்றன. அகலம் எழுத்துருவைப் பொறுத்தது. ‘ணௌ’ அடைக்கும் இடத்தில் இரண்டு மூன்று ‘ர’ உட்கார்ந்துவிடும். எழுத்தின் அளவோ பெறுபவரின் கண்ணைப் பொறுத்தது. சாளேசரம் வந்தவர்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அவர்களுக்குப் பாதி வரிதான் கிடைக்கும். போனைக் குறுக்கே திருப்பினால் இன்னொரு கணக்கு. மடிக்கணினியில் ஜன்னலைச் சுருக்கினால் வேறொரு கணக்கு. கைக்கடிகாரத்தில் பார்ப்பவருக்கு இரண்டு சொல் மிஞ்சினால் பெரிது. முன்னோட்டக் கருவி காட்டுவது இத்தனை திரைகளில் யாரோ தேர்ந்தெடுத்த நாலைந்தை. ஊர் முழுக்க மழை பெய்யுமா என்று தன் வீட்டு மொட்டைமாடியில் நின்று சொல்வதுபோல.

இந்த 50 எழுத்து விதி ஆங்கில வாக்கியத்தைப் பார்த்து வகுத்தது என்பதையும் வகுப்பெடுப்பவர்கள் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் வினை முன்னால் வந்துவிடும், ‘இல்லை’ என்பதும் அதோடு ஒட்டி வந்துவிடும். நாம் வினையைக் கடைசியில் வைத்துப் பேசுகிறவர்கள். நடக்குமா நடக்காதா, உண்டா இல்லையா என்பதெல்லாம் வாக்கியத்தின் கடைசிச் சொல்லில், பல சமயம் கடைசிச் சொல்லின் கடைசி விகுதியில்தான் தெரியவரும். கத்தரி விழுவதும் அங்கேயேதான். ஆங்கிலத் தலைப்பின் முனை முறிந்தால் விவரம் குறையும். தமிழ்த் தலைப்பின் முனை முறிந்தால் பொருளே தலைகீழாகிவிடும்.

இதைவிட ஆபத்தானது நம் அரசுக் கடித நடை. ‘பொருள்’ என்று போட்டுவிட்டு, துறை, பிரிவு, திட்டம், பிறகு செய்தி, கடைசியில் ‘தொடர்பாக’ என்று கோடு கோடாகப் போட்டு இறங்கிவரும் அந்த வடிவம் கோப்புக்காக உண்டானது. ‘பள்ளிக் கல்வி – தொடக்கக் கல்வி – ஆசிரியர் பொது மாறுதல் கலந்தாய்வு – தேதி மாற்றம் – தொடர்பாக’ என்று எழுதினால், பதிவறையில் கோப்பைத் தேடுகிறவருக்கு அது அருமையான வழிகாட்டி: பெரியதிலிருந்து சிறியதற்குப் போகிறது. அப்படியே அதை மின்னஞ்சலின் தலைப்பில் ஒட்டினால் ஆசிரியரின் போனில் ‘பள்ளிக் கல்வி – தொடக்கக் கல்வி – ஆசி…’ என்று தெரியும். ‘தேதி மாற்றம்’ என்ற, அவர் தலையைச் சுற்ற வைக்கக்கூடிய இரண்டு சொல், திரைக்கு வெளியே இருக்கும். அதே துறையிலிருந்து அன்றைக்கு வந்த பத்துக் கடிதங்களும் பார்வைக்கு ஒரே கடிதம்போல வரிசையில் நிற்கும்.

அனுப்புபவரால் செய்ய முடிந்தது இங்கே ஒன்று உண்டு: முதல் இரண்டு மூன்று சொல்லில் செய்தியை வைப்பது. ‘நாளை பள்ளி உண்டு’, ‘தேதி மாற்றம்: மாறுதல் கலந்தாய்வு’. இது சொற்களின் மீதான அதிகாரம். தோற்றம் தன் கையில் இல்லை என்று ஒப்புக்கொண்டவருக்குத்தான் இது தோன்றும். 50-க்குள் அடக்கினால் முழுதும் தெரிந்துவிடும் என்று நம்புகிறவர் கடைசிச் சொல்லைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்.

தமிழ்த் தலைப்புக்கு வழியிலும் கண்டம் உண்டு. அஞ்சல் வழிகள் ஆங்கில எழுத்துகளும் எண்களும் அடங்கிய ஆஸ்கி குறிகளை மட்டும் சுமக்கும் என்ற அடிப்படையில் அமைந்தவை. பிறமொழித் தலைப்புகளை ஆஸ்கி வேடம் கட்டி அனுப்பும் முறையை 1996-இல் கீத் மூர் எழுதிய ஆர்எஃப்சி 2047 வரையறுத்தது. ஒவ்வொரு கட்டும் 75 குறிகளுக்கு மேல் போகக் கூடாது. என்ன குறியாக்கம், எந்த முறையில் கட்டியது என்று சொல்லும் உறைக்கே 12 குறிகள் போய்விடும், மிச்சம் 63. உள்ள இரண்டு முறைகளுள் ஒன்றில் ஒரு தமிழ்க் குறி ஒன்பது ஆஸ்கி குறிகளாக விரியும். ஆக ஒரு கட்டில் ஏழு. ‘வணக்கம்’ என்ற சொல்லில் சரியாக ஏழு யூனிகோடுக் குறிகள். ஒரு வணக்கம் போட்டதுமே கட்டு நிரம்பிவிடுகிறது. பேஸ்64 என்னும் மற்ற முறை கொஞ்சம் தாராளம், கட்டுக்குப் பதினைந்து. நம் பள்ளியின் தலைப்பு அதில் நான்கு கட்டாகப் பயணம் போகும். ஓர் எழுத்தின் பைட்டுகளை இரண்டு கட்டுகளுக்கு நடுவே உடைக்கக் கூடாது என்று அந்த ஆவணம் தெளிவாகவே சொல்கிறது. அதைப் படிக்காமல் எழுதப்பட்ட நிரல்கள் உடைக்கின்றன. அப்போது எழுத்து இருந்த இடத்தில் கேள்விக்குறி பதித்த கறுப்பு வைரம் ஒன்று வந்து நிற்கும். கட்டியது ஒரு மென்பொருள், சுமந்தவை நடுவழிச் சர்வர்கள், அவிழ்த்தது இன்னொரு மென்பொருள். அனுப்பியவர் செய்தது பொத்தானை அழுத்தியது மட்டும்.

யூனிகோடு பரவுவதற்கு முன்பு இன்னும் மோசம். திஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கொரு குறியாக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் 99 மாநாடு நடந்து, டாம், டாப் இரண்டையும் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட பிறகும், பெறுபவரின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் கிறுக்கல்தான் வரும். கடிதத்தின் உடலுக்காவது எழுத்துருவின் பெயரைக் குறித்து அனுப்பலாம். தலைப்புக்கு அதுவும் இல்லை. கடிதம் தமிழில், தலைப்பு ஆங்கிலத்தில் என்ற பழக்கம் பலரிடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பதில் அந்த நாட்களுக்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். ‘தமிழில் போட்டால் உடைந்துவிடும், ஆங்கிலத்தில் போட்டால் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும்’ என்று இன்றும் புத்தி சொல்கிறார்கள். முதல் பாதி பெருமளவு பழங்கதை. இரண்டாம் பாதி அன்றும் பொய். ஆங்கிலத் தலைப்பும் நறுக்கப்படும், ஒட்டுச்சீட்டு குத்தப்படும், வேறு இழையில் கோக்கப்படும். கட்டுப்பாடு இருப்பதாக ஒரு பிரமைக்காக வாசகரின் மொழியை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

எமோஜிக்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யூனிகோடு தருவது ஒரு எண். அந்த எண்ணுக்கு ஆப்பிள் வரையும் முகம் வேறு, கூகுள் வரையும் முகம் வேறு, சாம்சங் வரையும் முகம் வேறு. பழைய விண்டோஸில் வெறும் கட்டம். கணிதத்துக்காக யூனிகோடில் வைத்திருக்கும் தடித்த ஆங்கில எழுத்துகளைத் திருடித் தலைப்பைத் தடிப்பாக்கும் தந்திரம் ஒன்றும் உலவுகிறது. தமிழுக்கு அப்படி ஒரு தொகுதி இல்லை என்பது நம் அதிர்ஷ்டம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான்களில் சில, அந்த எழுத்து ஒவ்வொன்றையும் ‘கணிதத் தடித்த பெரிய எழுத்து’ என்று தனித்தனியாகச் சொல்லும். சில மௌனமாகத் தாண்டிவிடும். என்விடிஏ போன்ற இலவச மென்பொருளில் தமிழ்க் குரலை வைத்துக்கொண்டு அஞ்சல் கேட்பவருக்குத் தலைப்பின் தோற்றம் என்பதே ஒலிதான். அவரை எந்த முன்னோட்டக் கருவி காட்டுகிறது?

இதுவரை சொன்னது எழுத்து அப்படியே போய்ச் சேர்ந்தால். அப்படியே போய்ச் சேரும் என்பதும் நிச்சயமில்லை. ஸ்பாம்அசாசின் போன்ற வடிகட்டிகள், நிர்வாகி விரும்பினால், தலைப்பின் முன்னால் ‘ஸ்பாம்’ என்று முத்திரை குத்தும். மடலாடற்குழுக்கள் சதுர அடைப்புக்குள் தம் பெயரைச் செருகும். நிறுவனங்களின் வாசல் சர்வர்கள் வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கடிதத்திலும் ‘எக்ஸ்டர்னல்’ என்று ஒட்டும். பதில் எழுதினால் ‘ரீ’ முளைக்கும்; பெறுபவரின் அவுட்லுக் ஜெர்மன் மொழியில் இருந்தால் அதற்குப் பதில் ‘ஆவே’ முளைக்கும். பழைய அவுட்லுக்கில் தனக்கு வந்த கடிதத்தின் தலைப்பையே பெறுபவர் திருத்திச் சேமித்துக்கொள்ளலாம். பலருக்கு இது தெரியாது. ‘அவசரம்! உடனே பார்க்கவும்’ என்று நீங்கள் அனுப்பியதை அவர் ‘ஜூன் மாத வாடகை ரசீது’ என்று மாற்றி வைத்துக்கொண்டால் உங்களுக்கு என்ன தெரியப்போகிறது? அவர் பெட்டி, அவர் வசதி. கல்யாணப் பத்திரிகைக்கு நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி அனுப்பலாம். அதைச் சாமி படத்தின் முன்னால் வைப்பதும் பழைய பேப்பரோடு போடுவதும் வாங்கியவர் இஷ்டம்.

இந்த இடத்தில் விவரம் தெரிந்த ஒருவர் எழுந்து டிகேஐஎம் என்பார். நல்ல கேள்விதான். கடிதத்தில் அனுப்பும் நிறுவனம் கணிதக் கையொப்பம் இடும் முறை அது. தலைப்பு வரியையும் அதற்குள் சேர்க்கலாம், வழியில் யாராவது ஓர் எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. 2014 ஏப்ரலில் சோதனையில் தேறாத கடிதங்களை நிராகரிக்கச் சொல்லும் கெடுபிடியான கொள்கைக்கு யாகூ மாறியபோது, தலைப்பில் பெயர் செருகிவந்த மடலாடற்குழுக்கள் திண்டாடியது இதனால்தான். ஆனால் கையொப்பத்தால் முடிவது, மாற்றம் நடந்தது என்று காட்டிக்கொடுப்பது. தடுப்பது அதன் வேலை இல்லை. மைக்ரோசாஃப்ட் 2021-இல் இன்னும் நேர்த்தியான ஒரு வழியைக் கண்டது: கடிதத்தில் ஓர் எழுத்தையும் தொடாமல், அவுட்லுக்கின் பட்டியலிலேயே ‘எக்ஸ்டர்னல்’ என்ற சீட்டைக் காட்டியது. கையொப்பம் பத்திரமாக இருந்தது, தோற்றம் மாறிப்போனது. எழுத்தைக் காப்பதும் தோற்றத்தைக் காப்பதும் ஒன்றே என்று வாதிடுபவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

மறையாக்கத்தில் ஒரு வேடிக்கை. தலைப்பை இடைவழியில் யாரும் படிக்காமல் மறைக்கத் தண்டர்பேர்ட் வழி செய்திருக்கிறது. வெளியே மூன்று புள்ளிகள் மட்டும் தெரியும், உண்மைத் தலைப்பு உள்ளே. அனுப்புபவரின் கட்டுப்பாடு இவ்வளவு தூரம் வேறெங்கும் போவதில்லை. அந்த வசதி இல்லாத செயலியில் பெறுபவர் திறந்தால் அவருக்கும் அந்த மூன்று புள்ளிகள்தான்.

‘எங்கள் தலைப்புகள் வேலை செய்கின்றன, திறப்பு விகிதத்தைப் பாருங்கள்’ என்று ஒரு புள்ளிவிவரத்தை நீட்டுவார்கள். திறப்பு விகிதம் எண்ணப்படுவது கடிதத்துக்குள் ஒளித்து வைத்த ஒரு துளிப் படம் தரவிறங்கியதா என்று பார்த்து. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15-உடன் ஆப்பிள் கொண்டுவந்த அஞ்சல் தனியுரிமைக் காப்பு, அந்தப் படங்களை வாசகர் திறந்தாலும் திறக்காவிட்டாலும் தானே முன்கூட்டி இறக்கிவைக்கிறது. அன்றிலிருந்து அந்த எண்ணுக்கு மதிப்புக் குறைந்துவிட்டது. அது பழுதில்லாமல் இருந்த காலத்திலும் கடிதம் திறந்ததைச் சொன்னதே தவிர, தலைப்பு எந்தக் கோலத்தில் தெரிந்தது என்பதைச் சொன்னதில்லை.

இப்போது தலைப்பைச் சுற்றி இருப்பதையெல்லாம் திருப்பி எழுதும் எந்திரமும் வந்துவிட்டது. 2024 அக்டோபரில் ஐஓஎஸ் 18.1 வந்ததிலிருந்து, வசதியுள்ள ஐபோன்களில் தலைப்பின் கீழே கடிதத்தின் முதல் வரிகளுக்குப் பதில் செயற்கை நுண்ணறிவு எழுதிய சுருக்கம் தெரிகிறது. முதல் வரியில் ரகசியமாக முன்னோட்ட வாசகத்தைப் புதைத்துவைக்கும் மார்க்கெட்டிங் உத்தி அங்கே செல்லாக்காசு. அதே தொழில்நுட்பம் செய்தி நிறுவனங்களின் அறிவிப்புகளையும் சுருக்கியது. அந்த டிசம்பரில், கொலை வழக்கில் கைதான ஒருவர் தன்னைச் சுட்டுக்கொண்டார் என்று பிபிசியின் பெயரில் ஒரு பொய்ச் சுருக்கம் வந்தது. பிபிசி புகார் செய்தது. ஜனவரியில் ஆப்பிள் செய்திச் செயலிகளுக்கான சுருக்கத்தை நிறுத்திவைத்தது. தன் பெயரில் என்ன தெரிகிறது என்பதை பிபிசியாலேயே தீர்மானிக்க முடியவில்லை. புகார் எழுதத்தான் முடிந்தது. அந்தச் சுருக்கத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பெறுபவர் கேட்காமல் தயாரிப்பாளர் திணிக்கும் மாற்றம் கண்டிக்கத்தக்கது. ஆனால் அதற்கு மாற்று, பெறுபவரின் கையில் ஒரு பொத்தானைத் தருவது. அனுப்புபவரின் கையில் தருவது அல்ல.

ஏனென்றால் அனுப்புபவர் என்பவர் யார்? நம் மனதில் தோன்றுபவர் பள்ளித் தலைமையாசிரியரும் மின்கட்டண ரசீது அனுப்பும் வாரியமும். அஞ்சல் முறைக்கு அந்த வேறுபாடு தெரியாது. 2000 மே மாதம் ‘ஐ லவ் யூ’ என்ற மூன்றே சொல்லைத் தலைப்பில் வைத்துக்கொண்டு ஒரு நச்சுநிரல் உலகத்துக் கணினிகளைக் கவிழ்த்தது. அதற்கு நிறமும் தேவைப்படவில்லை, தடிப்பும் தேவைப்படவில்லை. தலைப்பைச் சிவப்பாகக் கொட்டை எழுத்தில் காட்டும் வசதி இருந்திருந்தால் அதை முதலில் பயன்படுத்துபவர் வங்கியின் பெயரில் ஓடிபி கேட்கும் ஆசாமியாகத்தான் இருப்பார். நடக்காத உரையாடலுக்கு ‘ரீ’ போட்டு அனுப்பும் விளம்பரதாரர் இரண்டாவதாக வருவார். ‘எக்ஸ்டர்னல்’ சீட்டை மறைக்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுக்க யார் தயார்?

இதற்கும் ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறார்கள்: பிமி முறையில் சரிபார்த்த நிறுவனங்களின் இலச்சினையை ஜிமெயில் 2021-இலிருந்து காட்டுகிறதே, விளம்பரத் தாவலில் தள்ளுபடிச் சீட்டைக் காட்டுகிறதே, கட்டுப்பாடு மெல்ல வந்துகொண்டிருக்கிறதே? அவை விண்ணப்பங்கள். நிறுவனம் படிவம் நிரப்பிச் சான்றிதழுக்குப் பணமும் கட்டிக் காத்திருக்கும். காட்டுவதா வேண்டாமா என்பதைப் பெறும் பக்கம் முடிவு செய்யும். விளம்பரக் கடிதங்களைத் தனித் தாவலுக்குத் தள்ளியதும் 2013-இல் அதே ஜிமெயில்தான். எந்த விளம்பரதாரரிடமும் அனுமதி கேட்கவில்லை.

சொல்லுக்கும் தோற்றத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சட்டம் எழுதியவர்கள் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு ஸ்பாம் சட்டம் ஏமாற்றும் தலைப்புகளைத் தடைசெய்தது. அதன்கீழ் வந்த விதி, பாலுறவுக் காட்சிகள் கொண்ட விளம்பர அஞ்சல்கள் ஓர் எச்சரிக்கைச் சொல்லைத் தலைப்பின் முதல் 19 குறிகளில் வைக்க வேண்டும் என்கிறது. எந்த நிறத்தில், எவ்வளவு பெரிதாக என்று அது கேட்கவில்லை. எங்கே தொடங்க வேண்டும், என்ன சொல் என்று கேட்டது. 2025 ஏப்ரலில் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் ஓல்டு நேவி என்ற துணிக்கடை நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனது. தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்று தலைப்பில் எழுதிவிட்டு மறுநாளும் நீட்டிப்பதாக எழுந்த வழக்கு அது. வணிக அஞ்சலின் தலைப்பில் உள்ள எந்தப் பொய்யான அல்லது திசைதிருப்பும் தகவலும் அந்த மாநிலத்தின் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பானது. நிறுவனத்திடம் கேட்கப்பட்ட கணக்கு, எழுதிய சொற்களுக்கான கணக்கு. அவை யார் போனில் எத்தனை எழுத்தோடு நின்றன என்ற பேச்சுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.